பழங்குடியினர் ஆணையத்துக்குத் தெற்கில் ஓர் அலுவலகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை எங்காவது வெளியே தெரியவந்தால், சில நாட்களில் 'மாவட்ட ஆட்சியருக்குத் தேசியப் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ்' என்று செய்தி வருகிறது. விஷயம் டெல்லிவரை போய்விட்டது, இனி நியாயம் கிடைத்துவிடும் என்று பாதிக்கப்பட்டவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் வேலை தொடங்குவதே அந்த நோட்டீஸுக்குப் பிறகுதான். மனுதாரர் தரப்பிலிருந்து அடுத்துப் போக வேண்டிய ஒரே ஒரு கடிதம் போகாததால் மூடப்படும் கோப்புகள் பல. அது ஏன் போவதில்லை, போகவைக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே, பழங்குடிக் குடியிருப்புகளில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

இந்த ஆணையம் அரசியலமைப்புச் சட்டத்தின் 338-ஏ பிரிவின்படி அமைந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றாக இருந்த ஆணையத்தை 2003-ல் வந்த 89-வது திருத்தம் இரண்டாகப் பிரித்தது. 2004 பிப்ரவரி 19 முதல் பழங்குடியினருக்குத் தனி ஆணையம் வந்தது. தலைவர், துணைத் தலைவர், மூன்று உறுப்பினர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. பழங்குடியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை முடிவுகள் அனைத்திலும் மத்திய அரசும் மாநில அரசுகளும் இந்த ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதே பிரிவின் 9-வது உட்பிரிவு சொல்கிறது.

விசாரணை நடத்தும்போது ஆணையத்துக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. யாரையும் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், பிரமாணப் பத்திரத்தில் சாட்சியம் பெறலாம். இதைப் பார்த்துவிட்டுப் பலர் ஆணையத்தை நீதிமன்றம் என்றே நினைத்து, 'வெளியேற்றத்துக்குத் தடை விதிக்க வேண்டும்' என்று மனுவில் கேட்கிறார்கள். ஆணையத்தால் தடை உத்தரவு போட முடியாது. அந்த அதிகாரங்கள் விசாரணை நடைமுறைக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்லிவிட்டது. ஆகவே, 'இன்ன ஆவணங்களை வரவழைத்து, இன்ன அதிகாரியை விசாரித்து, பரிந்துரை அளிக்க வேண்டும்' என்று கேட்டால்தான் மனு நிற்கும்.

பரிந்துரை மட்டும்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் எங்கள் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி கிராமத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடிகளின் (கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழக மலைவாழ் மக்கள்) ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே அரசுத் தரப்பு சாதித்தது. அன்றைய எஸ்சி, எஸ்டி ஆணையத்தின் தென் மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் போய் மக்களிடம் விசாரித்துக் கொடுத்த அறிக்கைக்கு அந்தச் சாதிப்பை உடைத்ததில் பெரிய பங்கு உண்டு. வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உத்தரவு போடும் அதிகாரம் இல்லாத ஓர் ஆணையத்தின் அதிகாரி அரூர் மலையடிவாரத்துக்கு வந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்தார். தெற்கில் ஓர் அலுவலகம் இருந்ததால் நடந்தது அது.

ஆணையம் பிரிந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. பழங்குடியினர் ஆணையத்தின் வட்டார அலுவலகங்கள் போபால், புவனேஸ்வரம், ஜெய்ப்பூர், ராய்ப்பூர், ராஞ்சி, ஷில்லாங் ஆகிய ஆறு ஊர்களில் உள்ளன. தென் மாநிலம் ஒன்றில்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், பிரிக்கப்படாத ஆந்திரம் நான்கிலும் சேர்த்துப் பழங்குடியினர் 1 கோடியே 14 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 7,94,697 பேர்.

இனி, மனு எங்கெல்லாம் இடறுகிறது என்று சொல்கிறோம். மனு ஆணையத்தின் தலைவர் அல்லது செயலர் பெயருக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல்வரின் தனிப்பிரிவுக்கு எழுதிவிட்டு, கடைசியில் 'நகல்' என்று போட்டுப் பத்து அலுவலகங்களோடு ஆணையத்தையும் சேர்த்தால், அதை ஆணையம் மனுவாக எடுத்துக்கொள்வதில்லை. முழுப்பெயர், முழு முகவரி, கையெழுத்து அல்லது கைநாட்டு கட்டாயம். மொட்டைக் கடுதாசிக்கு இடமில்லை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதையும், தீர்ப்பு வந்துவிட்டதையும் ஆணையம் தொடாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்ட கையோடு ஆணையத்துக்கும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த மனு தானாகவே விழுந்துவிடும். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு மனுவில் ஒரு குறை போதும். பட்டா, ரேஷன் அட்டை, அடிதடி, மின் இணைப்பு என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால் நான்கு துறைகளுக்கும் அது பொதுவாகப் போய், எல்லாத் துறையும் 'எங்களுக்குத் தொடர்பில்லை' என்று எழுதும். தேதி, இடம், அதிகாரியின் பதவி, ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் ரசீது எண் ஆகியவை முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், அந்த ரசீதின் நகல்தான் மனுவின் உயிர்: புகார் போனது, எப்ஐஆர் போடப்படவில்லை என்ற இரண்டையும் ஒரே தாள் நிரூபிக்கிறது. எப்ஐஆர் போட்டும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்காமல் சாதாரண அடிதடியாக்கியிருந்தால், அதைத் தனியாகச் சுட்ட வேண்டும். அந்தச் சட்டத்தின்படி விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணித்த அரசு ஊழியர் மீது 4-வது பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம். எந்தக் கெடு எந்த நாளில் தாண்டியது என்று மனுவில் கணக்குக் காட்டினால் ஆணையத்தின் கேள்வியும் கூர்மையாக வரும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மத்திய, மாநில அதிகாரிகள் யாருக்கும் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதித் தரும் உரிமையை 350-வது பிரிவு தருகிறது. ஆனாலும் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் இணைப்பது காலத்தை மிச்சப்படுத்தும். ஸ்பீடு போஸ்ட் ரசீதை உங்கள் நகலோடு பின் போட்டு வையுங்கள். கோப்பு எண் வந்ததும் அந்த நகலின் தலைப்பில் பெரிதாக எழுதிவிடுங்கள். எண் இல்லாமல் பின்னால் எதைக் கேட்டாலும் பதில் வராது. எண் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில்கூடக் கேட்கலாம்.

நோட்டீஸ் போனபின் ஆட்சியரோ எஸ்.பி.யோ பதில் அனுப்புகிறார். அந்தப் பதிலை மனுதாரருக்கு அனுப்பி, இதற்கு உங்கள் கருத்து என்ன என்று ஆணையம் கெடு வைத்துக் கேட்கிறது. அதற்கு மனுதாரர் எழுத வேண்டிய பதில்தான் நாங்கள் முதலில் சொன்ன கடிதம். ஆணையத்தின் கடிதமோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருகிறது. ஏரிக்கரையில் பட்டா இல்லாமல் குடியிருக்கும் இருளர் குடும்பத்துக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் ஊருக்குள் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார், குடும்பமோ செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருக்கும். கெடு முடிந்ததும், மனுதாரரிடமிருந்து பதில் வரவில்லை என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இதற்கு ஒரே வழி, தபாலை ஒழுங்காக வாங்கக்கூடிய ஒருவரின் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் 'தொடர்புக்கு' என்று மனுவிலேயே சேர்ப்பது.

கருத்து எழுதும்போது கோபத்தை ஒதுக்கிவிட்டு, அதிகாரியின் பதிலைப் பத்தி பத்தியாக எடுத்து எழுத வேண்டும். 'மாற்று இடம் வழங்கப்பட்டுவிட்டது' என்றால்: எந்த சர்வே எண், பட்டா எண் என்ன, சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட தேதி எது? 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்றால்: யார், எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி? பாதிப் பொய்கள் சர்வே எண் கேட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல் சாதிச் சான்று. 1989 நவம்பரிலிருந்து பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு, அதில் நியாயமும் இருக்கிறது. மெய்த்தன்மை விசாரணைக்கு மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவும் உள்ளது. ஆனால் போலிகளுக்குப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்மையான காட்டுநாயக்கரும் இருளரும்தான். தகப்பனுக்குச் சான்று உண்டா என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தையே பார்க்காத தகப்பனிடம் எந்தக் காகிதம் இருக்கும்? கோட்டாட்சியர் குடியிருப்புக்குப் போய், உறவுமுறை, வழிபாடு, திருமண வழக்கங்களை விசாரிக்கலாம். தேவைப்பட்டால் மானிடவியலாளரின் கருத்தைப் பெறலாம். உதகைக்கு அருகே பழங்குடியினர் ஆய்வு மையம் இருப்பது இதற்கும் சேர்த்துத்தான். சான்று இல்லாததைக் காரணம் காட்டி வன்கொடுமைப் பிரிவில் வழக்குப் பதிய மறுக்கிறார்கள், நிவாரணத்தை நிறுத்துகிறார்கள், பிள்ளையின் உதவித்தொகையும் போகிறது. ஆணையத்தால் சான்று கொடுக்க முடியாது. ஆனால் விண்ணப்பம் வந்த தேதி, கள விசாரணை நடந்த தேதி, நிராகரித்த காரணம் மூன்றையும் கோப்போடு கொண்டுவரச் சொல்ல முடியும். அதைக் கேட்டாலே பல விண்ணப்பங்கள் நகரும்.

பட்டியலிலேயே விடுபட்டவர்களின் பாடு வேறு. மலையாளிகள் தருமபுரி, சேலம், பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டுமானால் மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். பிறகு இந்தியத் தலைமைப் பதிவாளரும், அதன்பின் இந்த ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவரைச் சேர்க்கலாம் என்று, பட்டியல்களைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-லேயே சொன்னது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில்.

ஆணையமும் முழு பலத்தோடு இயங்கவில்லை. துணைத் தலைவராக இருந்த அனுசுயா உய்கே 2019-ல் சத்தீஸ்கர் ஆளுநராகப் போன பிறகு அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது கிராம சபையின் ஒப்புதல் உரிமை நீர்த்துப்போகும் என்று, 2022-ன் வனப் பாதுகாப்பு விதிகளை நிறுத்திவைக்கச் சொல்லி ஆணையம் எழுதியது. சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏற்கவில்லை. தலைவர் ஹர்ஷ் சௌஹான் 2023 ஜூனில், பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். அடுத்த தலைவர் வந்தது 2024 மார்ச்சில். ஆணையத்தின் அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை என்று நிலைக்குழுவே 2022-ல் கண்டித்தது. அறிக்கையை இத்தனை மாதத்தில் அவையில் வைக்க வேண்டும் என்று 338-ஏ பிரிவில் கெடு எதுவும் இல்லை. அந்தக் கெடுவைச் சேர்க்க நம் எம்.பி.க்கள் தனிநபர் மசோதாவாவது கொண்டுவரலாம்.

சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியது தென் மண்டல அலுவலகம். அதற்கு அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை; நிதி ஒதுக்கீடும் பணியிட அனுமதியும் போதும். சேலத்திலோ கோவையிலோ வைத்தால் கல்வராயன், ஜவ்வாது, நீலகிரி, வயநாடு, சாமராஜநகர் மக்கள் எல்லோரும் வந்துபோக முடியும். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு படிக்கத் தெரிந்த விசாரணை அலுவலர்கள் வேண்டும். மனுதாரருக்குப் போகும் கடிதம் அவர் மொழியில் போக வேண்டும். கெடு முடிந்தால் கோப்பை மூடும் முன் ஒருமுறையாவது கைப்பேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் ஆஜராகும் அமர்வை ஏதாவது ஒரு மலை வட்டத்தில் நடத்த வேண்டும். டெல்லி அமர்வுக்கு ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய்வர ஒரு கூலித் தொழிலாளிக்குக் குறைந்தது ஐந்து நாள் சம்பளம் போகிறது. எதிர்த்தரப்பு அதிகாரி பயணப்படியோடு வருகிறார்.

அதுவரை, மாநில அரசின் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எஸ்சி, எஸ்டி ஆணையம் சென்னையில் இருக்கிறது. மாநில அதிகாரிகள் மீதான குறைகளை நேரில் போய்க் கொடுக்க அது வசதி. நிலம், காடு, பட்டியல் சேர்ப்பு போன்ற மத்திய அரசும் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்குத் தேசிய ஆணையம்தான் வழி. தென் மாநில எம்.பி.க்கள் வரும் கூட்டத்தொடரிலேயே பழங்குடியினர் நல அமைச்சகத்திடம் இந்த அலுவலகத்தைக் கேட்க வேண்டும். தமிழக அரசும் இடம் ஒதுக்கித் தருவதாகக் கடிதம் எழுதினால் கோரிக்கைக்கு வலு கூடும்.

இப்படிக்கு,
பழங்குடிக் குடியிருப்புகளில் மனு எழுதும் தன்னார்வலர்கள்,
தருமபுரி மாவட்டம்.