மிஷனெரி சங்க ஆண்டறிக்கை: காணிக்கை போகிறது, நாம் போகிறோமா?

சேகரகுரு ஐயரவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மற்றதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டி மே மாதம் தவிர மாதாமாதம் கூடியது, மே மாதம் எல்லாரும் கல்யாண வீடுகளில் இருந்தோம். சமைக்கும்போது வீடுதோறும் ஊழியத்துக்கென்று டப்பாவில் எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசி குறைவில்லாமல் வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலம் வழக்கம்போலக் களைகட்டியது, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்தவரே திரும்பக் காணிக்கையாக வைக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்து முதல் தடவையைவிட அதிகத்துக்குப் போனது. அந்தப் பணம் முழுவதையும் வடக்கே பணித்தளத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

கமிட்டியில் வாக்குவாதம் வந்ததும் இதில்தான். பணம் அனுப்புகிறோம், வெள்ளிக்கிழமை ஜெபத்தில் மிஷனெரிகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறோம், ஆனால் பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவரிடம் நாம் யாரை விசுவாசிக்கிறோம், ஏன் விசுவாசிக்கிறோம் என்று ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கூலிக்கு ஆள் வைத்து ஊழியம் செய்கிறோமா என்று ஒரு அக்கா கேட்டார்கள். யாருக்கும் பதில் வரவில்லை.

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நம்மவர்களிடம் இப்போது இருக்கிற வசதியில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் பணத்தோடு ஆட்களையும் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்துக்கு அனுப்பினார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, செயலாளராக இருந்து அறிக்கை வாசித்ததோடு நிற்காமல் 1909-ல் தாமே அந்தச் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்தார், 1912-ல் அங்கேயே பேராயரானார். (செயலாளர் என்பதால் இது எனக்கும் உறைக்கிறது.) ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலைமேல் கை வைத்து, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ’ என்று சொல்ல வைப்பார். 1 கொரிந்தியர் 9:16-ல் பவுல் தன்னைப் பற்றிச் சொன்னதைக் கூலி வேலை செய்கிற எழுத்தறியாத மக்களும் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நாம் அதைக் குருமார்களுக்கும் உபதேசியாருக்கும் சொன்ன வசனமாக ஒதுக்கிவிட்டோம்.

சரி, இந்த வருஷம் என்ன செய்தோம்? அரசு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டு வர ஆரம்பித்தார்கள். படுக்கையில் இருக்கிறவர் கையில் கைப்பிரதியைத் திணிக்கக் கூடாது, ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டும், கஞ்சிக்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று கமிட்டி தீர்மானித்தது. தைரியம் போதாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லத்தான் வேதத்தில் பேதுருவும் எழுதுகிறார். ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் பலவந்தமாகவோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டிச் சேர்க்கிறார்கள் என்ற பேச்சுக்கு நாம் இங்கே இடம் கொடுத்தால் அங்கே பணித்தளத்தில் இருக்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாலிபர்களின் கஷ்டம் வேறு. கூட வேலை செய்கிறவர்கள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார்கள், அதனால் ஞாயிறு சாயங்காலம் லூக்கா சுவிசேஷத்தை அதிகாரம் அதிகாரமாகப் படிக்கிறோம். ஆள் குறைவுதான், ஆனால் கேள்விகள் நன்றாக வருகின்றன. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் பார்வர்டு பண்ணுவதையும் சுவிசேஷ ஊழியமாக அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்கள், நான் சேர்க்கவில்லை.

வீடு சந்திப்பு தொடங்கவே இல்லை. மழை என்றோம், அப்புறம் பரீட்சை என்றோம், அப்புறம் யாரும் பேச்சே எடுக்கவில்லை.

பழைய அரிசி டப்பாக்களை வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஒப்படைத்துவிடுங்கள், புது டப்பா வந்திருக்கிறது. புது கமிட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கோ வீடு சந்திப்புக்கோ எந்த நாள் வர முடியும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.