கண் மூடாத பையன்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக. ஞாயிறன்று போனில் நான் சரியாகப் பேசவில்லை. எனக்குக் காது மந்தம், அம்மாவின் மிக்சி வேறு.

உன் பள்ளியில் காலை ஜெபத்தில் ஒரு பையன் கண் மூடாமல், தலை குனியாமல் நிற்கிறானாம். டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு ஆசிரியர்கள் உன்னை நெருக்குகிறார்களாம். கொடுத்துவிடாதே. 1985-இல் கேரளத்தில் இப்படித்தான் நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், தங்கள் விசுவாசத்தினால் பாடவில்லை. மேலதிகாரி சொன்னார் என்று தலைமை ஆசிரியை நீக்கிவிட்டார். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. மறு வருடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, மரியாதையாக நின்றவர்கள் பாடாதது அவமதிப்பாகாது என்று திரும்பச் சேர்க்கச் சொன்னார். தேசிய கீதத்துக்கே அப்படியென்றால் நம் ஜெபம் எம்மாத்திரம்?

பள்ளி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினரான நமக்குத் தருகிறது. சந்தோஷம். ஆனால் 28(3) வழிபாட்டுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்பார் உங்கள் கிளார்க். சீட்டுக்காக எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்? உனக்காக நானே போட்டிருக்கிறேன், படித்துப் பார்க்காமல்.

என் கதை ஒன்று, உன்னிடம் சொன்னதில்லை. நம் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போனதும் மற்றவர்களுக்கு நீதிபோதனை எடுத்தவன் நான். ஒரு கார்த்திகை மாதம், சபரிமலைக்கு மாலை போட்ட ஆறாம் வகுப்புப் பையன் சத்துணவில் முட்டை வரிசையில் நின்றான். "சாமிக்கு எதற்கப்பா முட்டை?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒரே சிரிப்பு. தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வாழைப்பழம் கொடுத்தோம், வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாப்பிட வரவேயில்லை. வீட்டிலிருக்கும் தங்கைக்கு எடுத்துப்போகத்தான் நின்றான் என்று ஆயா சொல்லித்தான் தெரிந்தது.

நீ அந்தப் பையனை மேடைக்குக் கூப்பிடாதே. ஆசிரியர் அறையிலும் வேண்டாம், அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். அவன் அம்மாவை வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசு. சும்மா நிற்கட்டுமா, ஜெபம் முடிந்தபின் வரிசைக்கு வரட்டுமா என்று கேள். கேட்டுக்கு வெளியே மட்டும் நிறுத்திவிடாதே.

அரை மணி நேரம் பேசியும் அவன் பெயரை நீ சொல்லவேயில்லை. அடுத்த முறை சொல்.

அன்புடன்,
அப்பா