பார்க்காமல் நிற்பதும் மரியாதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழை 22 வருடங்களாக ஒன்று விடாமல் ஆவலுடன் படித்து வருகிறேன்.

போன இதழில் லிஃப்ட் பற்றி வந்த கட்டுரையில், "பக்கத்தில் நிற்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காத, கலாச்சாரமே இல்லாத கூட்டம்" என்று ஒரு வரி. நல்ல நடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 31 வருடம் சமூகவியல் பாடம் நடத்திய எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. இதழை மூடி வைத்துவிட்டேன்.

கலாச்சாரம் இல்லாத கூட்டம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு மனிதர் சமூகத்தில் பிறந்து வளர்ந்து பெற்றுக்கொள்ளும் அத்தனையும் சேர்ந்ததுதான் பண்பாடு என்று மானிடவியல் அறிஞர் எட்வர்ட் டைலர் 1871-இலேயே எழுதிவிட்டார். அவரும் மக்களைப் படி போட்டு அடுக்கியவர்தான், அது வேறு சண்டை. ஆனால் கீழ்ப்படியில் நிறுத்தியவர்களுக்கும் பண்பாடு உண்டு என்றுதான் சொன்னார். உங்கள் கட்டுரையாளர் அவரையே மிஞ்சிவிட்டார்.

நம் மொழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. பண்படுத்திய நிலம் என்கிறோமே, அந்த மண் பண்பாடு என்ற சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பிடிக்காதவரைத் திட்டுவதற்கு அது கைக்கு வசதியாக அமைந்துவிட்டது. தாராளமாகத் திட்டுங்கள். மேலே 'சமூகவியல் அறிவோம்' என்று பட்டை போட்டுவிட்டுத் திட்டாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த லிஃப்ட். உள்ளே வருபவரை ஒரு கணம் பார்க்கிறோம். நீங்கள் வந்ததைக் கவனித்தேன் என்று அதற்கு அர்த்தம். உடனே கண்ணை எடுத்துவிடுகிறோம். உங்களைக் குடையமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் இந்த மரியாதைக்குச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் ஒரு பெயரே வைத்திருக்கிறார். தோளோடு தோள் உரசும் ஒரு பெட்டிக்குள் கண்ணையாவது விலக்கிக்கொள்கிறார்களே என்று சந்தோஷப்பட வேண்டாமா?

நான் சொல்லி நம்ப வேண்டாம். கட்டுரையாளரை நாளைக்கு லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டி, மற்றவர்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள். என் மாணவிகளுக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி மூன்றாவது மாடி வருவதற்குள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, நிமிரும்போது கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். "யாரும் ஒண்ணும் சொல்லல மேடம், ஆனா காது ரெண்டும் சுட்டுது" என்றாள். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமுக்கே இது நடந்திருக்கிறது. 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில், காரணம் எதுவும் சொல்லாமல் 'உங்கள் இடத்தைத் தருகிறீர்களா' என்று கேட்க வேண்டிய ஆய்வு. மாணவர்கள் தயங்குகிறார்களே என்று அவரே கேட்கப் போய், வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டதாம்.

காது சுட்டது என்றேன் அல்லவா, அதைச் சொல்லும்போது போன வருடம் நீங்கள் போட்ட பெட்டிச் செய்தி ஞாபகம் வருகிறது. "சமூக நெறி என்பது அரசு இயற்றும் விதி, மீறினால் தண்டனை உண்டு." எந்த அரசு ஐயா லிஃப்டில் கதவைப் பார்த்து நில் என்று ஆணை போட்டது? மீறினால் முகம் சுளிக்கும் வழக்கங்கள் ஒரு பக்கம், மீறினால் ஊரே கொதித்தெழும் ஒழுக்க நெறிகள் ஒரு பக்கம் என்று சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-இலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். இரண்டுக்குமே முதலில் போலீஸ் வருவதில்லை. எதிரில் இருப்பவரின் பார்வைதான் வருகிறது.

இந்த 'சமூகவியல் அறிவோம்' தொடர் ஆரம்பித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எல்லோருக்கும் தெரிந்ததைப் பெரிய வார்த்தைகளில் சொல்வதே சமூகவியல்" என்று முன்னுரையில் வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். சரி, எல்லோருக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் மாணவர்களைக் கொண்டு செய்த ஒரு சோதனையை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செய்து பார்த்தேன். உடன் வேலை பார்த்த ஒருவர் "எப்படி இருக்கீங்க?" என்றார். "எந்த விஷயத்தில் கேட்கிறீர்கள்? உடம்பா, பணமா, மனசா?" என்றேன். சிரித்தார். மறுபடியும் கேட்டேன். முகம் சுருங்கியது. மூன்றாவது முறை கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கப்படுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை மீறும்வரை இரண்டு பேருமே யோசித்ததில்லை. தெரிந்த விஷயமாம்!

பெட்டிச் செய்தி வந்தபோதே இதையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். "உங்கள் இதழை ஆவலுடன் படித்து வருகிறேன்" என்ற முதல் வரியை மட்டும் எடுத்து, 'வாசகர் பாராட்டு' பகுதியில் வெளியிட்டீர்கள். நன்றி. அந்தப் பக்கத்தின் தலைப்பு 'சமூக சேவை'. 31 வருடம் "நீங்க சமூக சேவையா செய்யறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவளுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிச் செய்தியில் 'அரசு இயற்றும்' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு 'சமூகம் எதிர்பார்க்கும்' என்று போட்டு, அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் வெளியிட்டால் போதும்.

இந்தக் கடிதத்திலும் முதல் வரியை மட்டும்தான் போடுவதாக இருந்தால், தயவுசெய்து போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகவியல் ஆசிரியை