மீதி 9,900 கோடி நட்சத்திரங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘அணு முதல் அண்டம் வரை’ என்று முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: “தூசிலும் தூசான மனிதன் தன் அன்றாடக் கவலைகளைப் பெரிதாக எண்ணுவது நகைப்புக்குரியது.” சரி, நகைத்துப் பார்ப்போம் என்று முயன்றேன். வரவில்லை.

தூசைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை துளைத்தவர். கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு. அது போய் உட்கார்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சிலிகோசிஸ் என்பார்கள். கடைசிக் காலத்தில் அப்பாவால் படுக்க முடியாது. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி, உட்கார்ந்தேதான் தூங்குவார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஒரு டாக்டர், “பீடி குடிப்பியா?” என்று கேட்டுவிட்டுச் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார். அப்பா பீடியைத் தொட்டதே இல்லை. சிலிகோசிஸ் என்று எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம். ஆஸ்துமாவுக்கு மாத்திரையோடு சரி. இந்த விவகாரமெல்லாம் பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் ‘தூசு’ என்ற சொல்லை அச்சேற்றினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் டர்னர், கடைசல் தொழிலாளி. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் நின்று நின்றே ஓய்வு பெற்றவன். சுழலும் தண்டான ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைந்து முடித்து, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை வைத்து அதன் முனையில் உள்ள ராட்செட் திருகைத் திருகுவோம். டிக், டிக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அளவைப் படிக்க வேண்டும். பத்து மைக்ரான் அதிகமாகச் சீவிவிட்டால் காலையிலிருந்து செய்த வேலை ஸ்கிராப்புக்குப் போய்விடும். ஒரு மைக்ரான் நீளத்தில் ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக நிறுத்தினால் சுமார் 10,000 நிற்கும். “அண்டத்தோடு ஒப்பிட்டால் பத்து மைக்ரானெல்லாம் ஒரு அளவா சார்?” என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டிருக்கலாம். உங்கள் கட்டுரையாளரைப் போல எடுத்துக்கொடுக்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

அளவிலேயே பிழைத்தவன் கண்ணில் தப்புப் பட்டுவிடுகிறது. நம் பால்வீதியில் ‘சுமார் நூறு கோடி’ நட்சத்திரங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். குறைந்த மதிப்பீடே பத்தாயிரம் கோடி. நாற்பதாயிரம் கோடி வரை சொல்கிறவர்களும் உண்டு. மனிதனைத் தூசாக்கிய அவசரத்தில் 9,900 கோடி நட்சத்திரங்களைத் தொலைத்துவிட்டீர்கள். என் பென்ஷன் கணக்கில் தப்பித்தவறி இரண்டு சுழி கூடியிருந்தால் மறுநாளே வீட்டு வாசலில் ஆள் நின்றிருப்பான்.

பிரபஞ்சம் பெரியதுதான், யார் இல்லை என்றது? காணக்கூடிய பகுதியே குறுக்களவில் 9,300 கோடி ஒளியாண்டு. ஆனால் அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு மனிதன் சிறியவன் என்று எழுதுவது என்ன நியாயம்? என்னுடைய 60 கிலோ உடம்பில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, 6-க்குப் பின்னால் 27 சுழி. காணக்கூடிய பிரபஞ்சத்தின் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும், தாராளமான மதிப்பீட்டிலேயே 1-க்குப் பின்னால் 24 சுழிதான். என்னைப் போன்ற உடம்புகளைக் குவித்துச் சூரியன் அளவுக்கு எடை சேர்க்க வேண்டுமானால் 3-க்குப் பின்னால் 28 சுழி போட்ட எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். ஆக அணுவுக்கும் நட்சத்திரத்துக்கும் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறான் மனிதன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எடிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர் போன நூற்றாண்டின் இருபதுகளிலேயே சொன்னது. (அந்த எடிங்டன்தான் 1935-ல் லண்டன் கூட்டத்தில் 24 வயது இயற்பியலாளர் சந்திரசேகரை எல்லோர் முன்னாலும் கேலி செய்தவர். சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983-ல். பெரிய மனிதர்கள் யாரைச் சின்னவர் என்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துவைப்பது நல்லது.)

இன்னொன்று. பக்கம் முழுக்க வெளிநாட்டுத் தொலைநோக்கிகள். அப்பா வேலை பார்த்த அதே தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற, அணுவிலும் மிகச் சிறிய துகளை 1965-லேயே விஞ்ஞானிகள் பிடித்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். அவ்வளவு ஆழம் எதற்கென்றால், விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களை மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையைச் சட்டை செய்யாமல் வந்து சேரும். அந்தக் கருவிகள் எங்கள் ஆட்கள் ஷிஃப்டுக்கு இறங்கிய கூண்டில்தான் இறங்கியிருக்கும். அணுவிலும் சிறியதைப் பற்றிய கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. 2001-ல் சுரங்கத்தை மூடியபோது உங்கள் பத்திரிகை எத்தனை வரி போட்டது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அரைப்பக்கம்.

அப்புறம், இந்த உபதேசம் ஏன் எப்போதும் கீழே இருக்கிறவனுக்கே வருகிறது? வருஷாவருஷம் வாடகையை ஏற்றும் வீட்டுக்காரரிடம் போய், “ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது, இந்த ஆயிரம் ரூபாயைப் பெரிதாக எண்ணாதீர்கள்” என்று யாராவது சொல்வார்களா? 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை எகிறியதே, நீங்களும் செய்தி போட்டீர்கள். அன்று எங்கள் தெருவில் குடத்தோடு நின்ற பெண்களிடம் உங்கள் கட்டுரையாளர் அண்டத்தின் அகலத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். என்ன கிடைத்திருக்கும் என்பதை நான் எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

அளவு பார்த்து மதிப்புப் போடுவதாக இருந்தால் முதலில் உங்கள் பத்திரிகைக்கே பொருந்தும். பிரபஞ்ச வெளியில் ஒரு நாளிதழுக்கு ஆயுள் சந்தா எதற்கு என்று நானும் கேட்கலாம் அல்லவா? கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்குகிறேன், இனியும் வாங்குவேன்.

கேட்பது இவ்வளவுதான். ‘நூறு கோடி’ என்பதைப் ‘பத்தாயிரம் கோடி’ என்று திருத்தி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். பிள்ளைகள் படித்துப் பரீட்சையில் எழுதிவைப்பார்கள். கோலாரைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் சந்தோஷம். இடமில்லை என்றால் பரவாயில்லை, எங்களுக்குப் பழக்கம்தான். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் பேப்பர் போடும் ஏஜெண்டிடம், ஞாயிறு இணைப்பை ஞாயிற்றுக்கிழமையே சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைதான் வருகிறது, கேட்டால் “மேலேயிருந்து வரலை” என்கிறார். எவ்வளவு மேலேயிருந்து என்று சொல்வதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மர்ஃபி டவுன், பெங்களூரு