முக்காடு இருக்கிறது, ஜெபம் எங்கே? சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான மூப்பர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆராதனையில் சகோதரிகள் சத்தமாக ஜெபிக்கக் கூடாது, ஆதிச் சபையின் முறை அதுதான் என்று போதிக்கும் எல்லாச் சபைகளின் மூப்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வளர்ந்ததும் அப்படியொரு சபையில்தான். பத்து வயதில் அம்மா எனக்கு முக்காடு போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமான முதலாம் கொரிந்தியரின் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார்.

அந்த 5-ஆம் வசனத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். "ஜெபம்பண்ணுகிறபோதாவது, தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறபோதாவது" பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். தீர்க்கதரிசனத்தை மனதுக்குள் சொல்ல முடியுமா? கொரிந்து சபையில் பெண்கள் வாய்திறந்தார்கள். அதனால்தான் முக்காடு பற்றிய பேச்சே வந்தது. நாம் முக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதே நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், சபைகளில் பெண்கள் "பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் அடுத்த வசனமே, கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் புருஷரிடம் விசாரிக்கச் சொல்கிறது. கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்பதைப் பற்றித்தான் அங்கே சொல்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். எப்படி ஜெபிக்க வேண்டும் என்று சொன்னவர், மூன்று அதிகாரம் தள்ளி ஜெபத்தையே தடுப்பாரா?

கொரிந்துவுக்கு அருகிலிருந்த கெங்கிரேயா சபையின் பெபேயாள் என்ற பெண்ணை, பவுலின் ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் "ஊழியக்காரி" என்கிறது. பவுல் தன்னையும் உடன் ஊழியரான அப்பொல்லோவையும் குறிப்பிட்ட அதே கிரேக்கச் சொல் அது. கி.பி. 112 வாக்கில், பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தான். அவர்கள் 'ஊழியக்காரிகள்' என்று அழைக்கப்பட்டதாகப் பேரரசன் டிராஜனுக்கு அவனே எழுதினான். அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் கி.பி. 350 வாக்கில் எருசலேமின் பேராயர் சிரில், பெண்கள் ஜெபிக்கும்போது உதடு அசையலாம், சத்தம் பிறர் காதில் விழக் கூடாது என்று போதித்தார். இன்று நம் சபைகளில் நடப்பது கொரிந்துவின் வழக்கம் அல்ல, சிரில் சொன்னது.

பிரசங்கபீடம் கேட்டு எழுதவில்லை. அது வேறு விவாதம். அப்பம் பிட்கும் ஆராதனையில் சகோதரர்கள் எழுந்து ஜெபிப்பதுபோல, முக்காடிட்ட ஒரு சகோதரியும் எழுந்து ஜெபிக்க அனுமதியுங்கள். என் அம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. ஐம்பது வருடங்களாக அந்த நேரத்தில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி