பேரைச் சொல்லாமலே உதவலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், சைதாப்பேட்டையில் அண்ணா சாலையோரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த பெரியவர் ஒருவர் சறுக்கி விழுந்தார். நெற்றியெல்லாம் ரத்தம். இருபது பேர் கூடிவிட்டோம், யாரும் குனியவில்லை. "தொடாதீங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றது ஒரு குரல். நானும் சும்மாதான் நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் கேன் போடும் பையன் ஒருவன் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு ஓடிவந்தான். தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்து நெற்றியில் வைத்து அழுத்தினான். "108க்கு அடிங்கண்ணா" என்று அவன் கத்திய பிறகுதான் நான் போனை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையை எடுக்கவே இல்லை. துண்டு நனைந்து முழங்கை வரை ரத்தம் வழிந்தது.

இருவரும் கூடவே போனோம். ஆஸ்பத்திரி கவுண்ட்டரில், "நீ யாரு, அவருக்கு என்ன வேணும், பேரு, அட்ரஸ் சொல்லு" என்று அவனை அதட்டினார்கள். நான் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். பெரியவர் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டார்.

அப்படி அதட்ட அவர்களுக்கு உரிமையே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற வழிகாட்டுதல்களை 2016-லேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பேர், முகவரி சொல்லும்படி போலீஸும் மருத்துவமனையும் வற்புறுத்தக்கூடாது. சாட்சி சொல்வதும் அவரவர் விருப்பம். இந்த உரிமைகளைத் தமிழிலும் எழுதி மருத்துவமனை வாசலில் வைக்க வேண்டும் என்பது விதி. நான் தேடிப் பார்த்த வரை அங்கே அப்படி ஒரு பலகை கண்ணில் படவில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஈரமில்லை என்று சொல்ல மாட்டேன். 2015 வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு வந்து முகம் தெரியாதவர்களைத் தூக்கிப் போனார்கள். எத்தனையோ வீடுகளில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஸ்டேஷன் பயம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ரோட்டில் விழுந்து கிடக்கிறவருடைய வீட்டார் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அவருக்கு நாம்தான் சொந்தம். பயமாக இருக்கிறது என்று சொல்லி அதிலிருந்து நழுவ முடியாது.

'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பரிசுப் பணம் என்று அரசு அறிவித்திருப்பது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது பணமில்லை, "நீ போகலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்ற ஒரு வார்த்தை.

போன வாரம் அவனை மறுபடி பார்த்தேன். சட்டத்தைச் சொன்னேன். "அப்போ நான் ஓடியிருக்க வேணாமாண்ணா?" என்று கேட்டான்.

வாசலில் அந்தப் பலகை இல்லாத மருத்துவமனைகளைப் பற்றி உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை.