மச்சான் புரோநோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, டார்மெட்ரியில் எங்கள் அறையில் பாதிப் பேர் நம்ம ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள்தான். ராத்திரி மீன்குழம்பு கொதித்தால் தங்கச்சிமடத்தில் இருக்கிற மாதிரியே தோணும். ஞாயிறு நம்ம ஆட்கள் கூடுகிற தேக்கா போவோம், வீட்டுக்குப் பணம் அனுப்புவோம், அவ்வளவுதான் பொழுது.

மீன் பிடிக்கிற வல்லத்து எஞ்சினுக்காக மச்சான் வட்டிக்கு 50,000 வாங்கப் போகிறார் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், மச்சானையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

என் மேல்கட்டிலில் தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். ஊரில் ஏஜென்டுக்குக் கட்டிய பணமே வட்டிக்கு வாங்கியதுதான், அதற்கு மேல் தங்கச்சி பிரசவச் செலவு. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் தமிழிலேயே ஒரு மெசேஜ், உடனே பணம், ஜாமீன் வேண்டாம் என்று. வொர்க் பெர்மிட்டை (வேலை அனுமதி அட்டை) இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினான். 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டதில் 100 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 400தான் அக்கவுண்டில் விழுந்தது, ஆனால் வாராவாரம் வட்டி 500க்கு. ஒரு வாரம் தவறியதும் ஊரிலிருக்கிற அவன் அப்பாவுக்கே போன் போய்விட்டது. அப்புறம், பணம் இல்லாவிட்டால் உன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடு, கணக்கு நேராகிவிடும் என்றார்கள். நல்லவேளை, கொடுக்கும் முன்னால் எங்களிடம் சொன்னான். கொடுத்திருந்தால் சட்டவிரோத வட்டித் தொழிலுக்கு உதவியதாக அவன் மேலேயே வழக்கு வந்திருக்கும், அதற்கு இங்கே சிறையும் உண்டு பிரம்படியும் உண்டு. சூப்பர்வைசரோடு போய் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இங்கே லைசென்ஸ் வாங்கிய வட்டிக்கடையும் இருக்கிறது. மாதம் 4 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, கடன் கொடுக்கும்போது பிடிக்கிற கட்டணம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டி அபராதம் எல்லாம் சேர்த்தாலும் வாங்கிய அசலுக்கு மேல் போகக் கூடாது. வருஷச் சம்பளம் 10,000 வெள்ளிக்குள் இருக்கிற வெளிநாட்டுக்காரருக்கு மொத்தமே 500 வெள்ளிதான் தரலாம். போனிலோ மெசேஜிலோ ஆள் பிடிக்க அவர்களுக்கு அனுமதியே கிடையாது, ஆகவே மெசேஜ் வந்தாலே அது கள்ளக் கடன் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கடையும் மலிவு இல்லை அக்கா, ஆனால் அங்கே கடனுக்கு ஒரு முடிவு இருக்கிறது.

நம்ம ஊர் கந்துவட்டிக்கு அது இல்லை. நூற்றுக்குப் பத்து என்றால் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 45,000தான் கையில் தருவார். மாதம் 5,000 கட்டினால் பத்து மாதத்தில் 50,000 கட்டி முடித்திருப்போம், அசல் அப்படியே நிற்கும். நண்டு வலையில் கால் மாட்டின மாதிரி, உதற உதற இறுகும். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாம் என்று மச்சான் சொன்னாராம், அதுவும் வேண்டாம். வட்டி இல்லை என்பார், ஆனால் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். இறால் நல்ல விலைக்குப் போகிற நாளில் வயிறு எரியும்.

பேங்கில் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிற கிசான் கார்டு விவசாயிக்கு மட்டும்தான் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறார். 2018-19 பட்ஜெட்டிலேயே மீனவருக்கும் கொடுத்துவிட்டார்கள். வட்டி வருஷத்துக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்ப வரும். அதாவது 50,000க்கு ஒரு வருஷத்துக்கே 2,000 ரூபாய்தான்! ஆதார், மீனவர் அட்டை, வல்லத்தின் பதிவுச் சான்று, பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு மச்சான் முதலில் மீன்துறை அலுவலகத்தில் கேட்கட்டும், எஞ்சின் வேலைக்கு எவ்வளவு தருவார்கள், எந்த பேங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். கைக்கு வர நாளாகும், தெரியும். அதுவரைக்கும் உன் மகளிர் குழுவில் உள்கடன் கேள், கடல்பாசி எடுக்கப் போகிற நீங்கள் எல்லாரும் மாதாமாதம் போட்ட பணம்தானே அது. பத்தாவிட்டால் என் வளையலை (அம்மா எனக்கு வரப்போகிறவளுக்கு என்று எடுத்து வைத்தது) கூட்டுறவு பேங்கில் அடகு வை. நான் இங்கிருந்து மாதாமாதம் அனுப்பி மீட்டுவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏற்கெனவே தொகை எழுதாத வெற்றுப் புரோநோட்டு (கடன் பத்திரம்) எதிலாவது மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல், திட்ட மாட்டேன். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை சிறை உண்டு. வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டால் பயப்படாதே, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணத்துக்கெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

ஞாயிறு இரவு கூப்பிடுகிறேன். அதற்குள் எஞ்சின் மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்டைப் படம் எடுத்து அனுப்பு, 50,000 நிஜமாகவே தேவையா என்று முதலில் பார்ப்போம்.

உன் தம்பி